மணிக்கொடியும் நம் கதைப் பக்கமும்

(ஐரோலியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்படுகிறது.)



சாப்பாட்டுக்கு முன் நம்மைப் பேசச் சொல்லிவிட்டார்கள். பசியோடு இருப்பவர்களிடம் பேசுவது கஷ்டம் என்பது டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். ஆனாலும் விஷயம் பெரியது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் மாத இதழில் வரும் கதைப் பக்கத்தை நிறுத்திவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. காகித விலை ஏறிவிட்டது, அச்சுக் கூலி ஏறிவிட்டது. தாராவியில் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்ற கேள்வி தலைக்கு மேல் தொங்குகிறது. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று எழுத ஆயிரம் இருக்கும்போது இரண்டு பக்கத்தைக் கதைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தோழர் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சங்கத்துக்காக இருபது ஆண்டு அலைந்தவர். அவர் கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கு முன்பே தமிழ்நாட்டில் ஒரு பத்திரிகைக்கு வந்தது. அதன் பெயர் மணிக்கொடி.

நாம் படித்தது மெட்ரிக் வரைதான். இலக்கியப் பேராசிரியர் போலப் பேச வராது. மாதுங்காவில் பழைய புத்தகம் வாங்கிப் படித்ததும், ராத்திரி ஷிப்டில் கண் விழித்துப் படித்ததும்தான் நம் கல்லூரி. அதை வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

மணிக்கொடி 1933 செப்டம்பர் 17ஆம் நாள் சென்னையில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கியது. தொடங்கியவர்கள் மூன்று பேர். ஸ்டாலின் சீனிவாசன் என்று அழைக்கப்பட்ட கு.சீனிவாசன், வ.ரா., டி.எஸ்.சொக்கலிங்கம். மூவரும் காங்கிரஸ்காரர்கள், தேசியப் போராட்டத்தில் ஊறியவர்கள். பெயரே பாரதி பாட்டில் வரும் சொல். உப்புச் சத்தியாகிரகம் முடிந்து, சட்ட மறுப்பு இயக்கம் அடக்குமுறையில் தளர்ந்துபோயிருந்த நேரம் அது. தொண்டர்கள் சிறையிலிருந்து வந்து அடுத்தது என்ன என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சுதந்திர உணர்ச்சியை அணையாமல் வைத்திருக்க வேண்டும் என்று பிறந்தது இந்தப் பத்திரிகை. அரசியல் கட்டுரைதான் அதற்கு உயிர். கதை பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த வால் மாதிரி.

இந்த மூவரில் சீனிவாசன் ஆங்கிலப் பத்திரிகைப் பணிக்காக நம் பம்பாய்க்கு வந்தவர். ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் இருந்தவர். பிழைப்புக்காகத் தமிழ் எழுத்தை விட்டுவிட்டு ரயிலேறியவர்கள் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு! சொக்கலிங்கம் 1934இல் தொடங்கிய தினமணிக்கு ஆசிரியராகப் போனார். வ.ரா. பிறகு கொழும்புக்குப் போய் வீரகேசரி நடத்தினார். ஆளுக்கொரு திசை. பத்திரிகை அநாதையாக நின்றது.

அப்போது அதைத் தூக்கி நிறுத்தியவர் பி.எஸ்.ராமையா. வத்தலக்குண்டுக்காரர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். மணிக்கொடிக்கு விளம்பரம் சேகரிக்க வந்தவர் என்றால் நம்புவீர்களா? விளம்பரத்துக்காகக் கடைகடையாக ஏறி இறங்கிய மனிதர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் செய்த காரியம்தான் இன்று நாம் பேச வந்தது. 1935 மார்ச்சில் மணிக்கொடியை மாதம் இருமுறை வரும் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றிவிட்டார். அரசியல் ஏடு கதை ஏடாகிவிட்டது. நம் தோழர் அன்றைக்கு இருந்திருந்தால் ராமையாவிடம் நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பார்!

சண்டை போட நியாயமும் இருந்தது. நாட்டில் வெள்ளைக்காரன் ஆட்சி. பஞ்சு ஆலைத் தொழிலாளிக்கு அரை வயிற்றுக் கஞ்சி. இந்த நேரத்தில் கதையா?

ஆனால் அந்தக் கதைகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும். அதுவரை தமிழில் கதை என்றால் ஒரு தொடக்கம், நடுவில் ஒரு சிக்கல், கடைசியில் எல்லாரும் சௌக்கியம். அல்லது கெட்டவன் கெட்டான், நல்லவன் வாழ்ந்தான். விகடன் போன்ற பெரிய பத்திரிகைகளின் வாசகருக்கு அது பிடித்திருந்தது. அதில் தப்பும் இல்லை. மில்லிலிருந்து வந்து கால் நீட்டிப் படுக்கிறவனுக்கு இரண்டு சிரிப்பு வேண்டாமா? மணிக்கொடிக்காரர்கள் அந்தச் சட்டத்தை உடைத்தார்கள். முடிவே இல்லாத கதை எழுதினார்கள். ஒரு மனிதனின் மனதுக்குள் ஓடுவதை மட்டும் கதையாக்கினார்கள். திருநெல்வேலி ஆள் திருநெல்வேலிப் பேச்சையே பேசினான். பிறநாட்டுக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிக் கொண்டுவரும்போது ஊர் பேரை மாற்றித் தழுவலாமா, உள்ளபடி மொழிபெயர்க்க வேண்டுமா என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். கு.ப.ராஜகோபாலன் பெண்ணின் மனதை எழுதினார். அவர் அரசாங்க வருவாய்த் துறை வேலையைக் கண் பார்வை மங்கியதால் விட்டுவிட்டு வந்தவர். ந.பிச்சமூர்த்தி, சிட்டி, சி.சு.செல்லப்பா என்று ஒரு கூட்டமே சேர்ந்தது. மௌனி என்ற பெயரே ராமையா வைத்ததுதான். கும்பகோணத்துப் பட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை எம்.வி.வெங்கட்ராம் மீசை முளைக்கும் வயதில் எழுதி அனுப்பிய கதையைப் போட்டார்கள். யார் மகன், என்ன படிப்பு என்று விசாரிக்கவில்லை. மௌனியின் கதைகள் நமக்கு இன்றும் பாதிதான் விளங்குகின்றன. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

நமக்கு வேண்டியவர் புதுமைப்பித்தன். அவரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1934இலேயே, வாரப் பத்திரிகையாக இருந்தபோதே, மணிக்கொடியில் அவர் எழுதிய கதை 'பொன்னகரம்'. பெயர்தான் பொன்னகரம். ஊர் நம் தாராவி மாதிரி. சந்து, சாக்கடை, கொசு, ரயில் பாதை. அம்மாளு என்று ஒரு பெண். ஆலையில் வேலை செய்கிறவள். புருஷன் குதிரை வண்டி ஓட்டுகிறவன். அவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குக் கஞ்சி ஊற்றக் காசு வேண்டும். அந்தக் காசுக்கு அவள் என்ன செய்தாள் என்பதோடு கதை முடிகிறது. கற்பைப் பற்றி மேடை மேடையாகப் பேசியவர்கள் முகத்தில் அறைந்த கதை. அதே இதழ்களில் எத்தனையோ பேர் எழுதிய அரசியல் தலையங்கங்கள் இருந்தன. நல்ல தலையங்கங்கள்தான். இன்று யாருக்காவது அதில் ஒரு வரி நினைவிருக்கிறதா? அம்மாளுவை மறந்தவர் உண்டா?

அடுத்தது 1935இல் வந்த 'துன்பக்கேணி'. இங்கே உட்கார்ந்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள் அத்தனையும் படிக்க வேண்டிய கதை. மருதி என்ற பெண். புருஷன் சிறைக்குப் போய்விடுகிறான். கங்காணியின் பேச்சை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறுகிறாள். அங்கே துரையும் அவனுக்கு ஏவல் செய்பவர்களும் அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்பதுதான் கதை.

கங்காணி என்றால் யார்? இளைய தலைமுறைக்குத் தெரியாது. நம் ஊரான்தான். நம் பேச்சுப் பேசுவான். கிராமத்துக்கு வந்து கடன்காரனுக்குக் கொடுக்க முன்பணம் தருவான். ஆளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறுவான். அந்த முன்பணம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். கூலியில் பிடிப்பார்கள். கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. கங்காணிக்குத் தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள் என்ற கணக்கில் தனியே காசு. இப்படித்தான் நம் மக்கள் லட்சக்கணக்கில் மலைநாட்டுக்குப் போனார்கள். சுதந்திரம் வந்ததும் 1948இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அதைப் பற்றித் தீர்மானங்கள் வந்தன. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கெல்லாம் பல ஆண்டு முன்பே, ஒரு சின்னப் பத்திரிகையில், ஒரு கதைக்காரன் மருதியைக் கூட்டி வந்து நம் முன் நிறுத்திவிட்டான். பாரதி பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாட்டில் அழுதார். அந்த அழுகைக்கு ஒரு பெயரும் ஊரும் புருஷனும் கொடுத்தது இந்தக் கதை.

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். நம் சொந்த ஆசைக்காக. 'மனித யந்திரம்'. கடையில் கணக்கு எழுதும் ஒரு குமாஸ்தாப் பிள்ளை. வாழ்நாள் முழுதும் பிறத்தியார் காசை எண்ணியவர். ஒரு நாள் இரவு பெட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று ரயில் நிலையத்துக்குப் போகிறார். போய்விட்டுத் திரும்பி வந்து பணத்தைப் பெட்டியில் வைத்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுதும் ஊர் ஊராக டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் அதே நாற்காலியில் இருப்பவனுக்கு அந்தக் கதை என்ன செய்யும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. கணக்கு மட்டும் பைசா பிசகாமல் ஒப்படைத்திருக்கிறோம், பயப்பட வேண்டாம்!

இவ்வளவு செய்த பத்திரிகை எத்தனை நாள் நின்றது? கதைப் பத்திரிகையாக ராமையா அதை மூன்று ஆண்டு அளவுதான் இழுத்தார். கையில் முதல் இல்லை. பத்திரிகை ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்குப் போனது. கருத்து வேற்றுமை வந்தது. 1938இல் ராமையா வெளியேறினார். பிறகு ப.ராமஸ்வாமி சிறிது காலம் நடத்திப் பார்த்தார். அதற்குப் பின் நின்றே போயிற்று. ராமையா சினிமாவுக்கும் நாடகத்துக்கும் எழுதிப் பிழைத்தார். 'போலீஸ்காரன் மகள்' அவர் நாடகம்தான், படமாகவும் வந்தது. கு.ப.ரா. 1944இல் நோயில் இறந்தார். புதுமைப்பித்தன் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனேவுக்கு வந்தார். நாம் தினம் டிக்கெட் கொடுக்கிறோமே, அதே புனே. அங்கே காசநோய் முற்றி, 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் கண் மூடினார். வயது 42. ராமையா கடைசிக் காலத்தில் 'மணிக்கொடி காலம்' என்று அந்தக் கதையையெல்லாம் எழுதினார். தீபம் பத்திரிகையில் தொடராக வந்தது. அதற்கு 1982இல் சாகித்ய அகாடமி பரிசு கொடுத்தார்கள். நடத்தும்போது காகிதத்துக்குக் காசு கொடுக்க ஆளில்லை. ஐம்பது ஆண்டு கழித்துப் பரிசு!

வழி மட்டும் அடைபடவில்லை. கலாமோகினி, கிராம ஊழியன், வெங்கட்ராம் கைக்காசைப் போட்டு நடத்திய தேனீ, இடதுசாரிப் பக்கம் சாந்தி, சரஸ்வதி, பிறகு 1959இல் செல்லப்பா தொடங்கிய எழுத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் நஷ்டக் கணக்குதான். செல்லப்பா புத்தக மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்.

இதுவரை மணிக்கொடியைப் புகழ்ந்தோம். இனி கசப்பையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பேச்சு பாதிப் பொய்யாகிவிடும்.

மணிக்கொடியில் எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் மேல்சாதிக்காரர்கள், ஆங்கிலம் படித்தவர்கள், தஞ்சாவூர், திருநெல்வேலிச் சீமைகளில் பிறந்து சென்னைக்கு வந்தவர்கள். வ.ரா. பூணூலை அறுத்துப் போட்டவர், அது வேறு. ஆனால் சேரியிலிருந்து ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதினாரா? ஆலையிலிருந்து ஒருவர்? பொன்னகரத்தைப் புதுமைப்பித்தன் பார்த்தார், கோபப்பட்டார், எழுதினார். ஆனால் அவர் அந்தச் சந்தில் குடியிருந்தவர் அல்ல. அம்மாளு எழுதவில்லை. மருதி எழுதவில்லை.

நம் மக்களுக்குப் பத்திரிகை நடத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே பறையன் என்று பேர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் தொடங்கினார். சாதியைக் கேட்டு முகம் சுளித்தவன் எதிரில் அந்தப் பெயரையே கொடியாகப் பிடித்தார்கள். ஆனால் அந்தக் கைக்கும் மணிக்கொடியின் கதைக்கும் நடுவில் பாலம் விழவில்லை. அந்தப் பாலம் விழுவதற்குத் தமிழில் இன்னும் பல பத்தாண்டு ஆயிற்று.

மராத்தியில் அது எங்கே விழுந்தது தெரியுமா? நம் மாதுங்கா லேபர் கேம்பில்! இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கேம்பும் அதை ஒட்டிய தாராவிச் சந்தும் தெரியும். பாபுராவ் பாகுல் நாசிக் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறு வயதில் அங்கே வந்து வளர்ந்தவர். கூலி வேலை செய்துகொண்டே சின்னப் பத்திரிகைகளில் கதை எழுதினார். 1963இல் அவர் கதைத் தொகுதி வந்தது. 'ஜெவ்ஹா மீ ஜாத் சோர்லி ஹோதி', அதாவது நான் என் சாதியைத் திருடி மறைத்தபோது. தலைப்புக் கதையில் ஒருவன் சாதியைச் சொல்லாமல் ரயில்வேயில் வேலைக்குப் போகிறான். தெரிந்ததும் அடிக்கிறார்கள். ரயில்வேயில் இருக்கும் நாம் அந்தக் கதையை மராத்தியில் எழுத்துக்கூட்டிப் படித்தோம். படித்த அன்று தூங்கவில்லை. அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் 1972இல் இந்த நகரத்தில் தலித் பேந்தர் அமைப்பைக் கட்டியது. கதை அரசியலுக்கு இடைஞ்சலா, தோழரே? அங்கே கதை முன்னால் போயிற்று, கொடி பின்னால் வந்தது.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நம் கதைப் பக்கத்தில் இதுவரை என்ன போட்டோம்? தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவன் கதை. மாமியார் மருமகள் கதை. கடைசியில் எல்லாரும் சௌக்கியம். அந்தப் பக்கத்தை நிறுத்தினால் நஷ்டமில்லை என்று தோழர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. குற்றம் அவருடையதல்ல. பக்கத்தை நடத்திய நம்முடையது.

இன்னொரு குற்றமும் உண்டு. போன வருஷம் செம்பூர்ப் பக்கமிருந்து ஒரு கதை வந்தது. கல்லூரியில் படிக்கும் பெண் எழுதியது. தாராவியில் விடிகாலை மூன்று மணிக்கு இட்லி அவிக்கும் ஒரு அறை. ஊரிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த பையன்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, மாவரைத்து, பாத்திரம் கழுவும் ஒரு அம்மா. முன்பணக் கணக்கு எழுதிய நோட்டு முதலாளியிடம் இருக்கிறது. முதலாளி தமிழர், நம் பேச்சுப் பேசுகிறவர், கோயில் கொடைக்கும் சங்கத்துக்கும் நன்கொடை எழுதுகிறவர். ஒரு பையனுக்குக் கொதிநீர் கொட்டிவிடுகிறது. அந்த அம்மா அந்த நோட்டை என்ன செய்தாள் என்பது கதை.

நாம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். நாமேதான். இடமில்லை என்று இரண்டு வரி எழுதினோம். இடம் இருந்தது. அந்த மாதம் மாமியார் கதையைப் போட்டோம். உண்மைக் காரணம், கதையில் வரும் முதலாளி யாரோ ஒரு நன்கொடையாளரைப் போல இருக்கிறாரே, அவர் கோபித்துக்கொண்டால் ஆண்டு விழாவுக்குப் பந்தல் யார் போடுவது என்ற பயம். வெளியே சேட்டுமார்களையும் கான்ட்ராக்டர்களையும் எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நம் கங்காணியை எழுத ஒரு பெண் வந்தால் இடமில்லை என்கிறோம். 'துன்பக்கேணி'யைப் படித்துக் கண்ணீர் விட்ட அதே கைதான் அந்த இரண்டு வரியையும் எழுதியது. தொண்ணூறு ஆண்டு முன்பு நடந்த அநியாயத்துக்கு அழுவது சுலபமாக இருக்கிறது.

மணிக்கொடிக்கு எழுத ஆளிருந்தது, தாங்க அமைப்பு இல்லை. நமக்கு அமைப்பு இருக்கிறது. ஐரோலியிலும் தாராவியிலும் செம்பூரிலும் வீடு வீடாக இதழைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கதைதான் இல்லாமல் இருந்தது. வந்ததையும் திருப்பி அனுப்பினோம்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாமும் இன்னும் இரண்டு தோழர்களும் போன வாரம் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவள் அம்மா டீ கொடுத்தார். பெண் உடனே பிடி கொடுக்கவில்லை. கடைசியில் சரி என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. முடிவை நல்லபடியாக ஆக்குகிறோம் என்று கை வைக்கக் கூடாது. பேச்சைப் புத்தகத் தமிழாக்கக் கூடாது. ஒப்புக்கொண்டோம்.

செயற்குழுத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இது. கதைப் பக்கத்தை நிறுத்தும் தீர்மானத்தை இப்போதே வாக்குக்கு விட வேண்டாம். முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள். இருபது நிமிஷம் பிடிக்கும். நன்கொடையாளர் பெருமக்கள் இருவர் முன் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களும் இருந்து கேட்டால் சந்தோஷம். சாம்பார் ஆறாது, அடுப்பிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறோம். கேட்டபின் கை தூக்கலாம்.

வாம்மா, மேடைக்கு வா. மைக் உனக்கு உயரம். யாராவது கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.